ஒரு றங்குப் பெட்டி, 27 கட்டுகள்: ஏட்டுச் சுவடிகளை ஒழுங்குபடுத்திய அனுபவம்

பெட்டியைத் திறந்த முதல் நாளே ஒரு பிழை செய்தேன். இந்தப் பதிவை அந்தப் பிழையிலிருந்து தொடங்குவதுதான் முறை. வீட்டில் ஏடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அக்கறை மிகுதியால் செய்யும் பிழை அது.

பெரியம்மாவின் வீடு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருக்கும் பழைய நாற்சார் வீடு. அவருடைய தகப்பனார், எனக்கு அம்மப்பா, ஊரில் பரியாரியார், அதாவது நாட்டு வைத்தியர். அவர் கையாண்ட ஏடுகளும் அச்சுப் புத்தகங்களும் ஒரு றங்குப் பெட்டியில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அந்தப் பெட்டியும் சைக்கிள் கரியரில் ஏறிக் கொடிகாமம் வரை போனது. அடுத்த ஆண்டு அதே சைக்கிளில் திரும்பி வந்தது. அரிசி மூட்டையை இறக்கிவிட்டு ஏட்டுப் பெட்டியை ஏற்றியவர் பெரியப்பா. அவர் இப்போது இல்லை. பெட்டியைப் பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பெரியம்மா இந்தத் தை மாதம்தான் அதற்கு மனம் ஒப்பினார். கொடுக்கும் முன் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

தையில் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. மாரிக் காலத்தில் ஏட்டைத் திறந்தால் ஈரம் குடிக்கும். சோளகம் வீசத் தொடங்கினால் புழுதி வீட்டுக்குள் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை.

தலைவாசலில் பாய் விரித்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, ஒவ்வொரு கட்டாக எடுத்தேன். 27 ஏட்டுக் கட்டுகள், 61 அச்சுப் புத்தகங்கள், நான்கு அப்பியாசக் கொப்பிகள். ஒவ்வொரு கட்டிலும் முதல் ஏட்டை மட்டும் வாசித்து வைத்தியம், சோதிடம், புராணம் என்று மூன்றாகப் பிரித்தேன். கயிறு இற்றுப்போன இரண்டு கட்டுகள் ஒரே நீளம், ஒரே அகலம். இரண்டும் வைத்தியம். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் புதுக் கயிறு போட்டுக் கட்டினேன். மாலையில் பார்த்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஐயா இருக்கிறார். வேலைக்காலம் முழுவதையும் நூலகங்களில் கழித்து ஓய்வுபெற்றவர். அன்று மாலை வந்து பாயின் ஓரத்தில் நின்று மூன்று குவியலையும் பார்த்தார். “பிள்ளை, பெட்டிக்குள் எது மேலே இருந்தது? எதற்குப் பக்கத்தில் எது இருந்தது?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “பொருள்வாரியாகப் பிரிப்பதை எவரும் எப்போதும் செய்யலாம். உம்முடைய அம்மப்பா வைத்திருந்த ஒழுங்கை இனி யார் செய்வது?” என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது.

பிறகு திண்ணையில் அமர்ந்து, பல்கலைக்கழக நூலகங்கள் பழஞ்சுவடிகளையும் அருநூல்களையும் எப்படி வைக்கின்றன என்று விளக்கினார். நூலகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது டூயி தசமப் பகுப்பு. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, சோதிடத்துக்கு 133.5, இந்து சமயத்துக்கு 294.5 என்று எண் போட்டு அடுக்குவார்கள். வாசகர் தாமே தட்டருகே போய் எடுக்கும் இடத்துக்கு அது மிகப் பொருத்தம். ஒரு புத்தகத்தைத் தேடிப் போனவரின் கண்ணில் அதே பொருளில் உள்ள பக்கத்துப் புத்தகமும் படும். அருநூல் அறைக்குள் வாசகர் போவதில்லை. நூலகர் எடுத்து வந்து மேசையில் வைப்பார், வாசகர் பென்சிலோடு மட்டும் அமர்ந்து அவர் கண்முன்னாலேயே பார்ப்பார். அங்கே தட்டுக்குப் பொருள்வரிசை தேவையில்லை. நீளமானது நீளமானதோடும் சிறியது சிறியதோடும் இருந்தால் ஒன்றின் பாரம் மற்றதை நசுக்காது. யாரிடமிருந்து வந்ததோ அந்தச் சேர்க்கை குலையாமல் இருந்தால் அதன் வரலாறு குலையாது. பொருளைத் தேடித் தருவது விளக்கப் பட்டியலின் வேலை. ஒரு சுவடி தட்டில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும், பட்டியலில் பத்து இடத்தில் இருக்கலாம். நான் பாயில் செய்ய முயன்றது பட்டியல் செய்ய வேண்டிய வேலை என்று அப்போதுதான் விளங்கியது.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்துக்குப் பேராயர் வில்லியம் லோட் 1635 முதல் 1640 வரை கொடுத்த சுவடிகள் இன்றும் லோட் என்ற பெயரிலேயே எண்ணப்படுகின்றன. கிரேக்கம், இலத்தீன், கீழைத்தேயம் என்று உட்பிரிவுகள் உண்டு. ஆனாலும் தலைப்பெயர் கொடுத்தவருடையது. லண்டனில் சேர் றொபேர்ட் கொட்டன் தம்முடைய சுவடி அலுமாரிகளின் மேல் உரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகளை வைத்திருந்தார். அந்தப் பேரரசர்களின் பெயர்களே சுவடிகளுக்கும் அடையாளமாயின. அலுமாரிகள் போய்விட்டன. பிரித்தானிய நூலகம் இன்றும் அந்தச் சுவடிகளை நீரோ, விற்றேலியஸ் என்றே அழைக்கிறது. முந்நூறு ஆண்டுகளாக அறிஞர்கள் அந்த அடையாளத்தைக் காட்டியே எழுதியிருக்கிறார்கள். மாற்றினால் அவர்கள் எழுதியதைப் பின்தொடர்ந்து போக வழி இராது.

1731இல் அந்தக் கொட்டன் சேகரிப்பில் தீப்பிடித்தது. எவை அழிந்தன என்று பின்னால் வந்தவர்கள் அறிவதற்கு, 1696இலேயே அச்சாகியிருந்த ஒரு பட்டியல் உதவியது. ஐயா இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. 1981 மே 31 – யூன் 1 இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்ததை அவர் தம் வாழ்நாளில் கண்டவர். “ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். பெயர் பெயராகச் சொல்லச் சொன்னால் எத்தனை சொல்வோம்?” என்றார். அன்றிலிருந்து எனக்குப் பட்டியல் என்ற சொல் வேறு பாரத்தோடு கேட்கிறது.

மறுநாள் பிழையைத் திருத்தத் தொடங்கினேன். பெட்டியைத் திறந்தபோது சித்தியின் மகன் கனடாவில் இருக்கும் மாமாவுக்கு அனுப்புவதற்காகக் கைப்பேசியில் 14 படங்கள் எடுத்திருந்தான். அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, கயிற்றின் நிறம், கட்டின் மேலும் கீழும் வைக்கும் சட்டப் பலகையின் வெடிப்பு, ஒரு துணியில் இருந்த மஞ்சள் கறை ஆகியவற்றைக் கொண்டு 22 கட்டுகள் பெட்டியில் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். மற்ற ஐந்துக்கும் ‘இடம் தெரியவில்லை’ என்று பதிவேட்டில் எழுதினேன். இனி இந்த வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பெட்டியின் மூடி திறந்ததும் கையை வைக்காமல் படம் எடுங்கள். ஓர் அடுக்கு எடுத்ததும் அடுத்த படம்.

சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டுகளைப் பிரித்ததுதான் எல்லாவற்றிலும் கடினம். மொத்தம் 173 ஏடுகள். இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்கள் இருந்தன. இரண்டு கட்டும் ௧ என்றே தொடங்குவதால் ஒவ்வோர் எண்ணும் இரண்டு முறை வந்தது. கையெழுத்து ஒருவருடையதாகவே தெரிந்தது. துளைகளைப் பார்த்தபோது முதல் வேறுபாடு கிடைத்தது. ஒன்றில் துளை சூட்டுக்கோலால் போடப்பட்டு விளிம்பு கருகியிருந்தது, மற்றதில் விளிம்பு வெளிறியே இருந்தது. இதைக்கொண்டு பெரும்பாலானவற்றைப் பிரித்துவிட்டேன். இடப்பக்கம் முறிந்து எண்ணும் துளையும் போன பதினொரு ஏடுகள் மிஞ்சின.

அவற்றுக்கு வழிகாட்டியது பூச்சி. இராமபாணம் ஏட்டை மேலோட்டமாக அரித்துவிட்டுப் போவதில்லை. கட்டுக்குள் இறங்கி ஏடு ஏடாகத் துளைத்துக்கொண்டே போகிறது. ஆகவே ஓர் ஏட்டில் உள்ள துளைக்கு அடுத்த ஏட்டிலும் ஏறத்தாழ அதே இடத்தில் துளை இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நகரும், பெருக்கும், சிறுக்கும், ஓரிடத்தில் நின்றுவிடும். யன்னலோரம் அமர்ந்து ஓர் ஏட்டின் மேல் இன்னோர் ஏட்டை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். துளைகள் பொருந்தினால் ஒளி ஊடே வரும். ஒரு துளை 31ஆம் ஏட்டில் கடுகளவாகத் தொடங்கி, 38இல் மிளகளவாகி, 44இல் மறைந்தது. எண் முறிந்த இரண்டு ஏடுகள் அந்தப் பாதையில் எந்த இடத்தில் நின்றால் ஒளி தடையின்றி வருகிறது என்று பார்த்து அவற்றை வைத்தேன். பிறகு பாட்டை வாசித்தேன். முந்தைய ஏட்டில் பாதியில் நின்ற மருந்துச் சரக்குகளின் பட்டியல் இந்த ஏட்டின் தலையில் தொடர்ந்தது. ஐந்து மாலை நேரங்கள் இதற்குப் போயின. பத்து ஏடுகள் இடம் சேர்ந்தன. ஒன்றுக்கு இடம் கிடைக்கவில்லை. அதைத் தனி உறையில் வைத்து இரண்டு கட்டின் எண்ணையும் எழுதினேன்.

எண் போடுவதில் ஐயா கண்டிப்பானவர். ஏட்டில் எதையும் எழுதக்கூடாது, எதையும் ஒட்டக்கூடாது, முத்திரை குத்தக்கூடாது. தடித்த வெள்ளைக் காகிதத்தை விரலளவுத் துண்டாக வெட்டி, பென்சிலால் எண் எழுதி, பருத்தி நூலில் கோத்துக் கட்டுக் கயிற்றில் தொங்கவிட்டோம். பரியாரியார் சேகரிப்பு என்பதற்கு ‘ப’ என்று எழுத்து. ப–1 தொடங்கி ப–27 வரை, பெட்டிக்குள் இருந்த வரிசையில். ஒரு கட்டுக்குள் இரண்டு மூன்று நூல்கள் இருந்தால் ப–7/1, ப–7/2 என்று உள்ளெண். கட்டைப் பிரிப்பதில்லை. ப–7இல் முதலில் நாடிச் சாத்திரம், நடுவில் ஒரு பிள்ளையார் துதி, கடைசியில் விஷக்கடி வைத்தியம். மூன்றும் ஒரே நாராசத்தில், அதாவது ஏட்டுத் துளையில் செருகும் ஒரே குச்சியில், கோக்கப்பட்டிருக்கின்றன. பரியாரியார் ஒரு நோயாளி வீட்டுக்குப் புறப்படும்போது கையில் எடுத்த கட்டாக இது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாகப் பிரித்து மூன்று தட்டில் வைத்திருந்தால் இந்த எண்ணமே வந்திராது.

சுத்தம் செய்வதற்கு மிக மெல்லிய மயிர்த்தூரிகை. நார் ஓடும் திசையில், அதாவது நீளவாட்டில் மட்டும் துடைக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் ஓரம் பிசிறும். புழுதி போன பின்னும் ஒட்டியிருந்த அழுக்குக்கு, மருந்துக்கடையில் வாங்கிய அற்ககோலைப் பஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்றினோம். ஓரமாக ஓர் எழுத்தில் முதலில் சோதித்துப் பார்க்காமல் எந்த ஏட்டையும் தொடவில்லை. எழுத்தாணியால் கீறிக் கரி ஏற்றிய எழுத்து அற்ககோலுக்கு அசையாது. ஆனால் பிற்காலத்தில் பேனை மையால் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் கரைந்துவிடும். அம்மப்பா பல இடங்களில் ஊதா மையால் அளவு எழுதியிருக்கிறார். அந்த ஏடுகளுக்குத் தூரிகையோடு நிறுத்திக்கொண்டோம். அற்ககோல் ஓலையை உலர்த்திவிடும் என்பதால் லெமன்கிராஸ் எண்ணெயை மிகச் சிறிதளவு துணியில் தொட்டுத் தடவினோம். ஓலைக்கு நெகிழ்ச்சி திரும்பும், பூச்சிக்கும் அந்த வாசம் பிடிக்காது.

மங்கிய எழுத்துக்கு மறுபடி மை ஏற்றலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் கரி தங்கி எழுத்து எழும்பி வரும். ஒரு கட்டின் கடைசியில் இருந்த எழுதாத ஏட்டில் நானே எழுத்தாணியால் பெயரைக் கீறி, கரி தடவிப் பார்த்தேன். கறுப்பாக எழுந்து நின்றது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அதே ஏட்டின் நார் வெடிப்புகளிலும் கரி ஏறி, எழுத்து எது வெடிப்பு எது என்று தெரியாத இடங்களும் வந்தன. மை ஏற்றுவதில்லை என்று அன்றே முடிவு செய்தோம். ரோச் விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் கீறலின் நிழலிலேயே வாசிக்கலாம். மை ஏற்றினால் திரும்ப எடுக்க முடியாது. விளக்கை அணைத்துவிடலாம்.

வாசிப்பதற்கு எனக்கு ஒரு மாதம் பழக்கம் தேவைப்பட்டது. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு, ஒகரமும் ஓகாரமும் அப்படியே. ரகரமும் காலும் ஒரே வடிவம். ஆகவே குடிக்கும் பாலும், சிறு கல்லைக் குறிக்கும் பரலும் ஏட்டில் ஒன்று போலவே நிற்கும். தென்திசையின் தென்னும், மருந்தில் குழைக்கும் தேனும் அப்படியே. எண்களில் இன்னும் குழப்பம்: ௧ ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் இருக்கும். மருந்தளவில் இவற்றை மாறி வாசித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. பாடம் எழுதுவது என் வேலையில்லை என்று விட்டுவிட்டேன். பட்டியலுக்கு வேண்டிய அளவு மட்டும் வாசித்தேன்: நூலின் தொடக்க அடி, முடிவு அடி, ஏடுகளின் தொகை, பக்கத்துக்கு எத்தனை வரி, நீள அகலம் சென்ரிமீற்றரில், துளை எத்தனை, சட்டம் உண்டா, கயிற்றின் முனையில் கிளிமூக்கு என்ற சிறு துண்டு இருக்கிறதா, பழுது எங்கே. தொடக்க அடியும் முடிவு அடியும் ஏட்டில் உள்ளபடியே, திருத்தாமல். சுவடி நூலகங்களின் விளக்க அட்டவணைகள் இப்படித்தான் அமைகின்றன. நூலின் பெயர் தெரியாவிட்டாலும் முதலடியை வைத்து இன்னோர் ஊரில் உள்ளவர் அதை அடையாளம் காண்பார்.

காலம் குறிப்பதில் ஓர் இடத்தில் அவசரப்பட்டேன். ப–12இன் இறுதியில் ‘விரோதி ௵ ஆனி ௴’, அதாவது விரோதி வருடம் ஆனி மாதம், என்று இருக்கிறது. கணக்குப் போட்டு 1889 என்று எழுதிவிட்டேன். ஐயா பென்சிலால் அதன் கீழ் கோடிட்டார். அறுபது வருடச் சுற்றில் விரோதி 1829இலும் வருகிறது, 1889இலும் வருகிறது, 1949இலும் வருகிறது. எழுதியவர் திகதியோடு கிழமையும் நட்சத்திரமும் சொல்லியிருந்தால், சுவாமிக்கண்ணுப்பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளில் மூன்று ஆண்டுகளையும் சரிபார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் ஏட்டில் கிழமை இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. எழுதியவர் பெயரும் இல்லை. 1949இல் அம்மப்பா அப்பியாசக் கொப்பியில்தான் எழுதிக்கொண்டிருந்தார் என்பதால் அதை விலக்கினோம். பதிவேட்டில் ‘1829 அல்லது 1889’ என்று இருக்கிறது. அப்படி எழுதுவது எனக்கு முதலில் குறையாகப் பட்டது. இப்போது படவில்லை.

இனி ப–19. இது ஒரு பிள்ளைப்பிணி வைத்தியம். மாந்தம், கணை என்று குழந்தைகளுக்கு வரும் நோய்களுக்கு வரிசையாக மருந்து சொல்கிறது. ௪௰௧ என்று எண்ணிட்ட ஏட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில், ஏட்டின் பாதி நீளமுள்ள ஒரு நறுக்கோலை செருகியிருந்தது. கட்டோடு கோக்கப்படாதது. துளையும் இல்லை. அதில் இராசிச் சக்கரம் கீறி, நட்சத்திரமும் நாழிகையும் எழுதியிருந்தது. முதல் நாள் செய்தது போல் செய்திருந்தால் இதை எடுத்துச் சோதிடக் குவியலில் போட்டிருப்பேன். உண்மையில் அன்று இது கண்ணில் பட்டிருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். எழுத்தை அவரால் வாசிக்க முடியவில்லை. நான் வாசித்துச் சொன்னேன்: பூரட்டாதி, மாசி மாதம். “அது அண்ணையின்ரை” என்றார். அவருக்கு ஒரு மூத்த அண்ணன் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு வயது நிரம்பும் முன் மாந்தத்தில் இறந்த பிள்ளை. பெரியம்மா பிறக்கும் முன்பே நடந்தது. அவருடைய தாயார் மாசிப் பூரட்டாதியில் விளக்கு வைப்பாராம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து கொடுத்தவர், தம் பிள்ளையின் குறிப்பை மாந்தத்துக்கு மருந்து சொல்லும் ஏட்டில் வைத்துக் கட்டியிருக்கிறார். எதற்காக என்று நான் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்: ‘ப–19, செருகல் 1. ஏடு 41க்கும் 42க்கும் இடையில் காணப்பட்டது. அதே இடத்தில் வைக்கப்பட்டுள்ளது.’ நறுக்கோலையை மெல்லிய காகித உறையில் இட்டு அங்கேயே திரும்ப வைத்தேன்.

அச்சுப் புத்தகங்கள் வேகமாக முடிந்தன. 61இல் ஒன்பது மட்டும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று முகப்புத்தாள் சொல்கிறது. சிலவற்றில் கலி ஆண்டு மட்டும் இருந்தது, 3101ஐக் கழித்துக்கொண்டோம். முகப்பே இல்லாத ஓர் இரண வைத்திய நூல் எனக்கு மிகவும் பிடித்தது. எலும்பு முறிவு, கட்டி, அறுவை என்று மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் சொல்வது. 1847இல் இங்கே வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து நூல்களையும் மொழிபெயர்ப்பித்த காலத்தின் நடை அதில் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முகப்பு இல்லாததால் அதை நூலகத்தாரின் தீர்ப்புக்கு விட்டோம். ஆனால் அதன் ஓரங்களில் பென்சிலால், அதே நோய்க்குப் பரராசசேகரம் என்ற தமிழ் வைத்திய நூலில் என்ன மருந்து என்று அம்மப்பா குறித்திருக்கிறார். அச்சுநூலின் வேறு பிரதி வேறிடத்தில் கிடைக்கலாம். இந்தக் குறிப்புகள் இந்தப் பிரதியில் மட்டும்தான் உண்டு. ஆகவே 61 புத்தகங்களையும் ஏடுகளோடு ஒரே சேகரிப்பாகவே வைக்க வேண்டும் என்று ஒப்படைப்புக் கடிதத்தில் கேட்டுக்கொண்டோம். வைத்திய நூல் ஒரு தட்டுக்கும் புராணம் இன்னொரு தட்டுக்கும் போய்விட்டால் அந்தப் பென்சில் குறிப்பு எந்த ஏட்டைச் சொல்கிறது என்று பார்க்க வழியிராது.

நான்கு புத்தகங்களில் உயிருள்ள பூச்சி இருந்தது. வெள்ளைத் தாளில் வைத்து ஒரு கிழமை விட்டபோது புதுத் தூள் விழுந்ததால் தெரிந்தது. அவற்றைப் பொலித்தீன் பைகளில் காற்றை வெளியேற்றி மூடி, உறவினர் கடையின் ஆழ்குளிரூட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு கிழமை வைத்தோம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. ஒரு நாள் முழுவதும் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும்.

படமெடுப்புக்கு ஏடு ஒவ்வொன்றும் இரு பக்கமும். பக்கத்தில் சென்ரிமீற்றர் அளவுகோலும் நிற அட்டையும். கமராவை நிலையாகப் பொருத்தி, இரண்டு பக்கமும் விளக்கு, மங்கிய ஏட்டுக்கு ஒரு பக்க விளக்கு மட்டும். கோப்பின் பெயரே கட்டு எண், ஏட்டு எண், பக்கம் மூன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நூறு ஏட்டுக்கு மேல் போகவில்லை; களைத்த கை ஏட்டை முறிக்கும்.

கட்டுவதற்குச் சாயமிடாத பருத்தித் துணி வாங்கி, கஞ்சிப்பசை போகும்வரை கொதிநீரில் இரண்டு முறை அலசினோம். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி அதையே தேடி வரும். கயிற்றுக்குப் பதில் அகலமான பருத்தி நாடா, ஏட்டின் ஓரத்தை அறுக்காத அளவு இறுக்கம். துருப்பிடித்த மூன்று இரும்புக் கம்பிகளைக் கழற்றி மூங்கில் நாராசம் செருகினோம். கழற்றிய கம்பிகளையும் எண்ணிட்ட உறையில் வைத்தோம், எறியவில்லை. துணிக்குள் வசம்புத் துண்டு வைக்க வேண்டும் என்றார் பெரியம்மா. ஏட்டைத் தொடாமல் தனிச் சிறு பையில் தைத்து, பெட்டியின் மூலையில் வைத்தோம்.

பதிவேடு 38 பக்கம் வந்தது. நான்கு பிரதிகள்: ஒன்று நூலகத்துக்கு, ஒன்று பெரியம்மாவுக்கு, ஒன்று கனடா மாமாவுக்கு, ஒன்று என்னிடம். மூன்று வெவ்வேறு நாட்டில் இருக்க வேண்டும் என்று ஐயா ஆசைப்பட்டார். இப்போதைக்கு இரண்டு நாட்டில் இருக்கிறது. படங்கள் தனி வன்தட்டில் அதே நான்கு இடத்திலும்.

பங்குனியின் கடைசிக் கிழமை ஒப்படைத்தோம். பெற்றுக்கொண்ட உதவி நூலகர் பதிவேட்டை வரிசையாகப் பார்த்து ஒவ்வொரு கட்டாகச் சரிபார்த்தார். ப–23க்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். அது கொடிகாமத்தில் ஒரு மழையில் நனைந்த கட்டு. ஏடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிட்டன. நீராவி காட்டிப் பிரிக்கலாம் என்று படித்திருக்கிறேன். செய்து பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. அதன் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: ‘22 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் உயரம். ஏடுகளின் தொகை தெரியாது. பொருள் தெரியாது. திறக்கவில்லை.’ அவர் அதன் கீழே தம் பென்சிலால் திகதி இட்டு, ‘திறக்காத நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதி, அடுத்த கட்டை எடுத்தார்.